அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு?

போன மாதம் ஒரு இரண்டாம் சனிக்கிழமை. கொல்கத்தாவில் காலையிலிருந்து விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். வெளியே போக வழியில்லாததால் ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு பழைய மௌனப் படத்தைப் பார்த்து முடித்தேன். 1925-ல் வந்த ஜெர்மன் படம். ராத்திரி திருச்சிக்கு அக்காவிடம் போனில் பேசும்போது கதையை விலாவாரியாகச் சொன்னேன். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டுத் தொலைக்கிறார், ஆபீஸ் போகும் பெண் கஷ்டப்படுகிறாள், கடைசியில் ஒரு நல்லவன் வந்து காப்பாற்றுகிறான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டா, அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா பணத்தை எதில் போட்டார், பெண் கோட்டை யாரிடம் வாங்கினாள், வாடகை எந்த நாட்டு நோட்டில் வந்தது என்று அத்தனையும் ஞாபகம் இருந்தது. சம்பளத்தை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. இருபது வருஷமாக அடுத்தவர் சம்பளச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்துக் கடன் கொடுக்கிறவன் நான்!

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்தக் கால ஜெர்மன் படங்கள் சிலவற்றை மறுபடி பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படித்தது பி.காம். கேமரா கோணம், ஒளியமைப்பு பற்றியெல்லாம் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கண் போவது வரவு செலவில்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

கொஞ்சம் கணக்கு

முதல் உலகப்போர் 1918-ல் முடிந்தபோது ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தோற்றுப்போய், கடனில் மூழ்கிக் கிடந்தன. இரண்டு நாட்டு அரசுகளும் செலவைச் சமாளிக்க நோட்டு அடித்தன. அடிக்க அடிக்க நோட்டின் மதிப்பு இறங்கியது. 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆஸ்திரியாவில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் 1925-ல் ஷில்லிங் என்ற புது நாணயம் வந்தபோது பழைய 10,000 க்ரோனுக்கு ஒரு ஷில்லிங் என்றுதான் மாற்றிக்கொடுத்தார்கள்.

இந்த மாதிரிப் பணவீக்கத்தில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பது ஒரு வங்கிக்காரனுக்கு உடனே புரியும். கடன் வாங்கியவன் பிழைத்தான். வீடு வாங்கப் போட்ட கடனை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் அடைத்தான். நிலமும் சரக்கும் டாலரும் வைத்திருந்தவன் கொழுத்தான். வைப்புநிதி, அரசுப் பத்திரம், பென்ஷன் என்று நம்பி இருந்தவன் ஒழிந்தான். அதாவது படித்த, கௌரவமான, மாதச் சம்பளக் குடும்பங்கள்.

அந்தக் குடும்பத்துப் பெண்கள்தான் முதல்முறையாகக் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். 1919 ஜனவரியில் ஜெர்மன் பெண்கள் முதல்முறை ஓட்டும் போட்டிருந்தார்கள். ஓட்டுரிமை, குட்டை முடி, டைப்ரைட்டர் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன என்று சொல்லலாம். சினிமாவுக்கும் புது விஷயம் கிடைத்தது.

மகிழ்ச்சியில்லாத தெரு

நான் அக்காவிடம் சொன்ன படம் இதுதான். ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கிய 'தி ஜாய்லெஸ் ஸ்ட்ரீட்'. ஹ்யூகோ பெட்டாவர் என்ற வியன்னா எழுத்தாளரின் நாவல். பெட்டாவரை 1925 மார்ச்சில் ஒரு நாஜி இளைஞன் அவர் அலுவலகத்திலேயே சுட்டான். அந்த மாதமே இறந்துபோனார். படம் மே மாதம் வெளியானது.

கதை 1921-ல் வியன்னாவின் ஒரு தெருவில் நடக்கிறது. அந்தத் தெருவுக்கு ராஜா, கறிக்கடைக்காரன். வெர்னர் க்ராவுஸ் நடித்திருக்கிறார், பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை நாயோடு. ராத்திரி முழுக்கப் பெண்கள் அவன் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். விடிந்ததும் கதவைத் திறந்து, கறி தீர்ந்துபோச்சு என்கிறான். ஆனால் வரிசையில் இளவயதுப் பெண் யாராவது இருந்தால் பின்பக்கம் கறி இருக்கும். காசு வேண்டாம்.

இந்த வரிசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மரியா, நிலவறை வீட்டில் ஊன்றுகோல் வைத்த, கை ஓங்கும் அப்பாவோடு வாழ்கிறவள். அப்போதே பெரிய நட்சத்திரமான ஆஸ்டா நீல்சன் நடித்தார். இன்னொருத்தி க்ரெட்டா, மாடிவீட்டு அரசு அதிகாரியின் மகள், அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வயது க்ரெட்டா கார்போ. ஹாலிவுட் போவதற்கு முன் அவர் நடித்த கடைசி ஐரோப்பியப் படம் இது. கார்போ வரிசையில் நின்று நின்று மயங்கி விழுவார். அந்த இடைவெளியில் அவர் இடம் போய்விடும். அவ்வளவுதான் காட்சி. எனக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. மயங்கி விழுந்தவருக்கு இடம் பிடித்து வைக்கும் வரிசை எந்த ஊரிலும் கிடையாது.

க்ரெட்டாவின் அப்பாவிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவருக்கு மாதா மாதம் வரும் தொகையை விட்டுவிட்டு மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகலாம் என்று ஒரு வழி இருக்கிறது. வாங்குகிறார். கையில் இவ்வளவு பணத்தைப் பார்த்ததில்லை. எல்லோரும் பங்கு வாங்குகிறார்கள், இவரும் ஒரு நிலக்கரிச் சுரங்கப் பங்கில் போடுகிறார். அந்தப் பங்கின் விலையை ஒரு பெரிய ஹோட்டலில் உட்கார்ந்து சில முதலாளிகள் வதந்தி கிளப்பி இறக்கி ஏற்றுகிறார்கள். அப்பாவின் பணம் போயே போச்சு.

2000-01-ல் நம் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சுமார் ஒரு லட்சம் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். வந்த பணத்தில் பாதியை, கூட வேலை பார்த்த நண்பர் சொன்னார் என்று, ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். அதிக வட்டி. பதினோரு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒருநாள் வாசலில் பூட்டு தொங்கியது. அதனால் க்ரெட்டாவின் அப்பா சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வரும்போது எனக்குப் படத்தை நிறுத்திவிடலாம் போல இருந்தது.

பிறகு நடப்பது தெரிந்ததுதான். க்ரெட்டாவுக்கு ஒரு துணிக்கடைக்காரி கடனில் உரோமக் கோட்டு கொடுக்கிறாள். அந்தக் கடைக்குப் பின்னால் வேறு வியாபாரம் நடக்கிறது, கோட்டுதான் தூண்டில். அந்தக் கோட்டோடு ஆபீஸ் போனால் மேலாளர் பார்வை மாறுகிறது. வேலையும் போகிறது. வீட்டில் ஒரு அறையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்க அதிகாரிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மாடிவீட்டுப் பெண்ணைக் கடைசி நிமிஷத்தில் அந்த டாலர் மனிதர் காப்பாற்றுகிறார். நிலவறைப் பெண் மரியாவோ பணத்துக்காக விலைபோய், பொறாமையில் ஒரு கொலை செய்து, போலீசிடம் போகிறாள். கறிக்கடைக்காரனை, குழந்தைக்குக் கறி கேட்டு அவமானப்பட்ட ஒரு தாய் கொன்றுவிடுகிறாள்.

மூன்று பெண்களுக்கும் அதே தெரு, அதே பசி. மூன்று பேரில் தப்பித்தவள் அதிகாரி மகள் மட்டும். பாப்ஸ்ட் தெருவை அத்தனை நேர்மையாகக் காட்டியவர். ஆனால் கடைசியில் யாரைத் தப்பிக்கவிடுவது என்று வரும்போது மாடிக்கும் நிலவறைக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டார்.

இதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. பல நாடுகளில் தணிக்கைக்காரர்கள் கத்தரி போட்டார்கள். கார்போ உலக நட்சத்திரமான பின், அவர் படமாக விற்பதற்காக ஆஸ்டா நீல்சன் பகுதிகளை வெட்டிய பிரதிகளும் சுற்றின. நிலவறைப் பெண்ணைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்! வெட்டுப்பட்ட துண்டுகளைப் பல நாட்டுக் காப்பகங்களிலிருந்து தேடி ஒட்டி, இப்போது நாம் பார்க்கும் நீளமான பிரதியை ம்யூனிக் திரைப்பட அருங்காட்சியகம் உருவாக்கியது.

டைப்ரைட்டர் வந்தது

1924-க்குப் பின் ஜெர்மன் நாணயம் நிலைபெற்றது. பணவீக்கக் காலத்தில் பூஜ்யம் எழுதவே ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்திருந்த வங்கிகள், பூஜ்யங்கள் போனதும் அவர்களை வீட்டுக்கு அனுப்பின. ஆனால் மற்ற அலுவலகங்களும் பெரிய கடைகளும் வளர்ந்தன. ஸீக்ஃப்ரீட் க்ராகவர் என்ற பத்திரிகையாளர் இந்த அலுவலக ஊழியர்களைப் பற்றி 1930-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஜெர்மனியில் அப்போது 35 லட்சம் அலுவலக ஊழியர்கள், அதில் 12 லட்சம் பெண்கள் என்று கணக்குச் சொல்கிறார். தொழிலாளர் எண்ணிக்கை இரட்டிப்புகூட ஆகாத காலத்தில் இவர்கள் எண்ணிக்கை ஐந்து மடங்காகியிருந்தது.

இவர்களுடைய சங்கடம் நமக்கு நன்றாகப் புரியும். வருமானம் தொழிலாளி அளவு, நினைப்பு அதிகாரி அளவு. வெள்ளைக் காலரை அழுக்காகாமல் வைத்துக்கொள்ளவே பாதிச் சம்பளம் போய்விடும். ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.

இதே க்ராகவர் 1927-ல் சினிமாவுக்குப் போகும் கடைப் பெண்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரைத் தொடர் எழுதினார். ஏழைப் பெண்ணைப் பணக்காரன் கட்டிக்கொள்ளும் படங்களைப் பார்த்து இந்தப் பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள், அந்தக் கனவு அவர்களை இருக்கிற இடத்திலேயே உட்காரவைக்கிறது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் 'சின்னக் கடைப் பெண்கள்' என்று தலைப்பு வைத்த தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்கள் டிக்கெட் வாங்கியது சொந்தச் சம்பளத்தில். அவர்கள் அம்மாக்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை. அவர்கள் ஏன் அழுதார்கள் என்று க்ராகவர் ஊகித்தார். எவ்வளவு சம்பளத்தில் எவ்வளவு கொடுத்து அழுதார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

வங்கியில் ஒரு காதல்

அவர் திட்டிய வகைப் படத்துக்கு ஒரு நல்ல உதாரணம் அந்தக் கட்டுரைக்குப் பிறகு 1931 ஜனவரியில் வந்தது. வில்ஹெல்ம் தீலே இயக்கிய 'தனிச் செயலாளர்'. பேசும் படம், பாடும் படம். நம்ம தொழில் என்பதால் நான் ஆசையாகப் பார்த்தேன். :-)

வில்மா என்ற பெண் சிற்றூரிலிருந்து பெருநகரத்துக்கு வேலை தேடி வருகிறாள். ரெனாட்டே முல்லர் நடித்தார், பளிச்சென்ற சிரிப்பு. பெண்கள் விடுதியில் தங்குகிறாள். ஒரு வங்கியின் வாசல் காவலரை (ஃபெலிக்ஸ் ப்ரெஸார்ட், பிரமாதமான ஆள்) நட்பாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து டைப்பிஸ்ட் ஆகிறாள். வேலைக்கு எடுத்த அதிகாரி வேறு எதையோ எதிர்பார்க்கிறார். இவள் மசியவில்லை. ஒருநாள் எல்லோரும் போனபின் தனியாக டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் வருகிறார். சக குமாஸ்தா என்று நினைத்துப் பழகுகிறாள். அவர்தான் வங்கியின் இயக்குநர். பாட்டு, பீர்த் தோட்டம், ஊடல், கல்யாணம், சுபம்.

படம் சக்கைப்போடு போட்டது. இதே கதையை அதே வருஷம் பிரெஞ்சு, இத்தாலிய, ஆங்கில மொழிகளிலும் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் பெயர் 'சன்ஷைன் சூசி', அதிலும் ரெனாட்டே முல்லர்தான்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். ஜனவரியில் படம். மே மாதம் வியன்னாவின் மிகப்பெரிய வங்கி க்ரெடிட்அன்ஸ்டால்ட் தடுமாறியது. ஜூலை 13 அன்று ஜெர்மனியின் பெரிய வங்கிகளில் ஒன்றான டனாட் வங்கி கதவைத் திறக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் நாட்டின் எல்லா வங்கிகளையும் அரசு மூட உத்தரவிட்டது. வங்கி இயக்குநரைக் கட்டிக்கொண்டால் வாழ்க்கை செட்டில் என்று திரையில் பாடிய ஆறு மாதத்தில் வாசலில் மக்கள் பணம் கேட்டு நின்றார்கள்.

படத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்குப் படம் பிடித்திருந்தது என்பதே உண்மை. வில்மா மேலதிகாரியைச் சமாளிக்கும் விதம் பொய்யில்லை. என் கிளையிலேயே அதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்த பெண் ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் முடிவில்தான் இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், நாள் முடிவில் கணக்கு இடிக்கும்போது வித்தியாசத்தை இடைக்காலக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோமே, அந்த மாதிரி. அமெரிக்க அதிகாரியும் வங்கி இயக்குநரும் அந்த இடைக்காலக் கணக்குதான். அந்தப் பெண் சம்பாதிப்பது போதாது என்று படம் அத்தனை நேரம் சரியாகக் காட்டிவிட்டு, அதை ஏன் என்று கேட்காமல் மேல்வர்க்கத்து ஆணை வரவில் எழுதி மூடிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்

எல்லோரும் அப்படி மூடவில்லை. 1930-ல் சில இளைஞர்கள் சேர்ந்து கைக்காசில் 'பீப்பிள் ஆன் சண்டே' என்று ஒரு மௌனப் படம் எடுத்தார்கள். இயக்கம் ராபர்ட் சியோட்மாக், எட்கர் உல்மர். எழுத்தில் பில்லி வைல்டர். கேமரா உதவியாளர் ஃப்ரெட் ஸின்னமன். பின்னாளில் ஹாலிவுட்டைக் கலக்கிய கோஷ்டி.

நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. டாக்ஸி ஓட்டுநராக வருபவர் நிஜமாகவே டாக்ஸி ஓட்டுநர். இசைத்தட்டுக் கடைப் பெண்ணாக வரும் ப்ரிகிட்டே போர்ஷெர்ட் நிஜமாகவே இசைத்தட்டு விற்றவர். க்ராகவர் சொன்ன அதே 'கடைப் பெண்', இந்த முறை இருக்கையிலிருந்து எழுந்து திரைக்கே வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பெர்லினுக்கு வெளியே ஏரிக்குப் போகிறார்கள். குளியல், இசைத்தட்டு, சாப்பாடு, சின்னப் பொறாமை. ஐந்தாமவளான மாடல் பெண் நாள் முழுக்கத் தூங்குகிறாள். வாரம் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுக்கு அதுதான் ஞாயிறு. இதைவிட உண்மையான காட்சியை நான் சினிமாவில் அதிகம் பார்த்ததில்லை.

ப்ரிகிட்டே அன்று அந்த ஒயின் வியாபாரியிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள். அடுத்த ஞாயிறும் பார்க்கலாமா என்கிறாள். அவனுக்கோ நண்பனோடு கால்பந்து பார்க்கப் போகவேண்டியிருக்கிறது. இயக்குநரும் வரவில்லை, அமெரிக்கனும் வரவில்லை. திங்கட்கிழமை வருகிறது, எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். யாரும் சாகவுமில்லை.

அம்மாவின் நோட்டு

கடைசியாக 'கூலெ வாம்பெ', 1932. பெர்லினுக்கு வெளியே ஏரிக்கரையில் இருந்த ஒரு கூடாரக் குடியிருப்பின் பெயர் அது. இயக்கியவர் ஸ்லாட்டன் டுடோவ், எழுத்து பெர்டோல்ட் ப்ரெக்டும் எர்ன்ஸ்ட் ஓட்வால்டும், இசை ஹான்ஸ் ஐஸ்லர். வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தாண்டியிருந்த நேரம். கம்யூனிஸ்ட் பிரசாரப் படம்தான், அதை அது மறைக்கவுமில்லை. உங்களுக்கு அந்தக் கொள்கையில் உடன்பாடு இல்லாவிட்டாலும் முதல் அரைமணி நேரத்தைப் பாருங்கள்.

ஒரு குடும்பம். அப்பாவுக்கு வேலையில்லை, மகனுக்கு வேலையில்லை. தொழிற்சாலைக்குப் போகும் மகள் ஆன்னிக்கு மட்டும் வேலை. (ஹெர்தா தீலே. அதற்கு முந்தைய வருஷம் 'மேட்ஷன் இன் யூனிஃபார்ம்' படத்தில் அதிகாரிக் குடும்பத்துப் பெண்ணாக உறைவிடப் பள்ளியில் வாடியவரும் இவரே.) அரசு உதவித்தொகையைக் குறைத்துவிட்டது. வேலை தேடிச் சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்த மகன், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறான். கடிகாரத்தை ஏன் கழற்றினான்? அதை விற்கலாம். அவனை விற்க முடியவில்லை.

வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்துவிட்டுக் கூடாரத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு காட்சி. அப்பா செய்தித்தாளில் மாதா ஹரி என்ற நடனக்காரியைப் பற்றிய கிளுகிளுப்பான கட்டுரையைத் திக்கித் திக்கி உரக்கப் படிக்கிறார். பக்கத்தில் அம்மா நோட்டில் வீட்டுச் செலவை எழுதிக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா குரலில் அந்த உடம்பு வர்ணனை, திரையில் அம்மாவின் முகமும் சாமான்களின் விலைச்சீட்டுகளும். இரண்டும் மாறி மாறி வருகின்றன. மொத்த ஐரோப்பிய சினிமாவும் பெண்ணைக் காட்டிய விதத்துக்கு இந்தச் சில நிமிஷம் போதுமான விமர்சனம் என்பேன். அவர் படித்துக்கொண்டிருப்பது ஒரு பெண்ணைப் பற்றி. பக்கத்தில் இருக்கும் பெண்ணின் நோட்டை அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆன்னி கர்ப்பமாகிறாள். காதலன் வேண்டாவெறுப்பாக நிச்சயதார்த்தத்துக்குச் சம்மதிக்கிறான். உறவினர்கள் கூடிக் குடித்துக் கும்மாளம் போட, ஆன்னி இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று கிளம்பிவிடுகிறாள். கருக்கலைப்பு அப்போது சட்டப்படி குற்றம். படம் அதைக் கோடிட்டு மட்டுமே காட்டுகிறது. பிறகு காதலன் தானாக அவளைத் தேடி வருகிறான், அவனுக்கும் வேலை போயிருக்கிறது. இந்தப் பெண்ணை யாரும் மேலே தூக்கிவிடவில்லை. அவள் சம்பளம் சின்னது, ஆனால் கணக்கில் இருக்கிறது. அதனால் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடிகிறது.

தணிக்கை படத்தை முதலில் தடை செய்தது. பிறகு வெட்டுகளோடு 1932 மே மாதம் பெர்லினில் வெளியானது. அதே மே மாதம் ஜெர்மன் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கல்யாணமான பெண் அரசு ஊழியரை, வீட்டில் வேறு வருமானம் இருக்கிறது என்றால், வேலையிலிருந்து நீக்கலாம். 'இரட்டைச் சம்பளக்காரர்கள்' என்று பத்திரிகைகளில் ஏற்கனவே பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. படங்கள் 'கல்யாணம்' என்று முடித்த இடத்தில் சட்டம் 'வேலை நீக்கம்' என்று தொடர்ந்தது.

1933-ல் ஹிட்லர் வந்தார். அதன்பின் சியோட்மாக், வைல்டர், க்ராகவர், ப்ரெக்ட், ப்ரெஸார்ட், தீலே எல்லோரும் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. ரெனாட்டே முல்லர் 1937-ல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார், வயது 31. நாஜிகளோடு ஒத்துப்போகாத ஹெர்தா தீலே ஸ்விட்சர்லாந்துக்குப் போனார்.

இதர வரவு

அக்கா கேள்விக்கு வருகிறேன்.

அப்பா பணம் போன வருஷம் நான் பி.காம் கடைசி வருஷம். அக்கா ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, நான் பரீட்சைக் கட்டணம் கட்டினேன், வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு போனேன். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணம், 31 வயதில். மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருஷங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியம்தான் வரும். "தம்பிக்கு பேங்க் வேலை கிடைச்சு குடும்பம் நிமிர்ந்துச்சு." "நல்ல இடம் அமைஞ்சு அவளுக்கும் விடிவுகாலம் வந்துச்சு." நானே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

போன பூஜா விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பரணில் அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்தேன். அப்பா வங்கிக்காரர் அல்லவா, கடைசிவரை வீட்டுக் கணக்கு எழுதினார். 2002-ஆம் வருஷ நோட்டு. வரவுப் பக்கத்தில் மாதா மாதம் முதல் வரி 'பென்ஷன்'. இரண்டாவது வரி 'எஃப்.டி. வட்டி', சொற்பம். மூன்றாவது வரி 'இதர வரவு - 2,600'.

பென்ஷனையும் வட்டியையும் கூட்டினால்கூட வாடகையும் மளிகையும் தேறாது. வீட்டைத் தூக்கி நிறுத்திய அந்த வரிக்கு அப்பா பெயர் போடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மகள் சம்பளத்தில் சாப்பிடுகிறோம் என்று எழுத அவர் கை வரவில்லை, அவ்வளவுதான். பாப்ஸ்டுக்கும் தீலேக்கும்கூடக் கை வராத இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நோட்டை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தப்புடா இது. ஆகஸ்டுல இருந்து 2,850. ஏத்தி குடுத்தாங்க."

பேனாவை வாங்கி, 'இதர வரவு' என்பதை அடித்துவிட்டு, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஐந்து மாதத்துக்கும் திருத்தினாள். நோட்டு இப்போது என்னிடம் கொல்கத்தாவில் இருக்கிறது.